மண்டைக்காடு: நான்கு அரசுகளின் கீழ் ஓர் ஊர்

1930-ல் மண்டைக்காட்டில் பிறந்த ஒருவரை கற்பனை செய்து கொள்ளுங்கள். அவர் பிறந்தபோது திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. 19 வயதில் "திருவிதாங்கூர்-கொச்சி ஐக்கிய ராஜ்யத்தின்" குடிமகன். 26 வயதில் சென்னை ராஜ்யத்துக்காரர். 39 வயதில் தமிழ்நாட்டுக்காரர். இத்தனைக்கும் அவர் வீட்டை விட்டு ஓர் அடி கூட நகரவில்லை! அதே கிணறு, அதே கடல், அதே பகவதி அம்மன் கோயில். அரசாங்கங்கள்தான் அவரைத் தாண்டிப் போயின.

வரலாற்றுப் புத்தகங்களில் இதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். "1949 ஜூலை 1 இணைப்பு, 1956 நவம்பர் 1 பிரிப்பு" என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் ஓர் ஒன்றியம் உருவாகும்போதும் உடையும்போதும் சாதாரண மனிதனுக்கு என்ன ஆகிறது? அவன் மனு கொடுக்கும் அலுவலகம் எங்கே போகிறது? எந்த மொழியில் எழுத வேண்டும்? வழக்கு என்றால் எந்த ஊருக்கு வண்டி ஏற வேண்டும்? கோயில் விளக்குக்கு எண்ணெய்க் காசு யார் தருவது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட மண்டைக்காட்டை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

கச்சேரியும் கோயிலும் ஒன்றாக இருந்த காலம்

பழைய திருவிதாங்கூரில் கல்குளம் தாலுகாவில் இருந்தது மண்டைக்காடு. நில வரி வசூலிப்பதும் அரசு, கோயிலை நடத்துவதும் அரசு. 1811-12-ல் திவானாக இருந்த கர்னல் மன்றோ, நூற்றுக்கணக்கான கோயில்களையும் அவற்றின் சொத்துக்களையும் அரசாங்கத்தின் கையில் கொண்டுவந்தார். அதன் பிறகு கோயில் நிர்வாகம் வருவாய்த் துறையின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சாதாரண நிர்வாக ஏற்பாடு. ஆனால் விளைவு என்ன தெரியுமா? வருவாய்த் துறையில் வேலை பார்ப்பவர் கோயிலுக்குள் போயாக வேண்டும். எனவே கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாதவர்கள், அதாவது ஈழவர், புலையர் போன்ற "தாழ்த்தப்பட்ட" சாதியினரும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும், அந்தத் துறையின் வேலைகளுக்கே வர முடியாது! வரி மட்டும் எல்லோரும் கட்ட வேண்டும். வரி வாங்கும் நாற்காலியில் சிலர்தான் உட்கார முடியும்.

இதை எதிர்த்து 1919-ல் குடியுரிமைக் கிளர்ச்சி நடந்தது. 1922-ல் தேவஸ்வம் துறை வருவாய்த் துறையிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. கோயில் வேறு, கச்சேரி வேறு என்று ஆனதும்தான் வருவாய்த் துறையின் கதவு மற்றவர்களுக்குத் திறந்தது. 1932-ல் நடந்த நிவர்த்தனப் போராட்டத்துக்குப் பிறகு அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டார். 1936 நவம்பர் 12-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது.

ஓர் அரசு அலுவலகம் மக்களுக்குச் சேவை செய்கிறதா என்று பார்க்க அதன் கட்டடத்தைப் பார்த்தால் போதாது. மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் உட்காரவே முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் மக்கள் இந்தப் பாடத்தை இந்தியா சுதந்திரம் அடையும் முன்பே படித்துவிட்டார்கள்.

சக்கரம், அஞ்சல், சுங்கம்

அந்த நாட்களில் திருவிதாங்கூருக்கு தனி நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். தபாலுக்கும் தனி ஏற்பாடு. அதன் பெயர் "அஞ்சல்". இன்று தமிழ்நாடு முழுவதும் தபால் துறையை அஞ்சல் துறை என்கிறோமே, அந்தச் சொல் திருவிதாங்கூர் மக்களுக்குப் பழைய பழக்கம். ஆரல்வாய்மொழியில் சுங்கச் சாவடி. அதற்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவின் திருநெல்வேலி ஜில்லா.

ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே கல்யாண உறவுகள், நடுவில் ஒரு சுங்கச் சாவடி! வியாபாரிகளுக்கு இது பெரிய தலைவலி. 1865-ல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பெரும்பாலான பொருட்களுக்குத் தங்களுக்குள் சுங்கம் வாங்குவதில்லை என்று முடிவானது. வருமானம் குறையும் சமஸ்தானங்களுக்கு ஓரளவு ஈடும் ஏற்பாடானது. மாதவ ராவ் திவானாக இருந்த காலம் அது.

ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி உள்நாட்டுச் சுங்கத்தை நீக்கத் தீர்மானித்தது 1957-ல், ரோம் ஒப்பந்தத்தில். அதற்கு 92 ஆண்டுகளுக்கு முன்பே தெற்கு மூலையில் ஒரு சிறிய ஒத்திகை நடந்துவிட்டது. ஒன்று மட்டும் வித்தியாசம். ஐரோப்பாவில் சம அந்தஸ்துள்ள நாடுகள் பேசி முடிவெடுத்தன. இங்கே மூவரில் ஒருவர் கையில்தான் பீரங்கி இருந்தது.

1949: இரண்டு வீடுகள் ஒன்றானபோது

1949 ஜூலை 1-ம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. பேச்சுவார்த்தையை நடத்தியவர் வி.பி. மேனன். திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகர் ஆனார். பரவூர் டி.கே. நாராயண பிள்ளை முதல் முதலமைச்சர்.

இரண்டு வீடுகள் ஒன்றாகும்போது முதலில் வரும் சண்டை என்ன? எந்த வீட்டில் அடுப்பு எரிவது என்பதுதான். இங்கும் அதே. தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்துக்குப் போனது. இரண்டு பக்கமும் ஓரளவு திருப்தி. (ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே கதைதான். ஆணையம் பிரஸ்ஸல்ஸில், நீதிமன்றம் லக்சம்பர்க்கில், நாடாளுமன்றத்தின் முழு அமர்வுகள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில். யாரையும் பகைத்துக்கொள்ள முடியாத ஒன்றியங்கள் அலுவலகங்களைப் பங்கு பிரித்துத்தான் கொடுக்கின்றன.)

ஆனால் மண்டைக்காட்டுக்காரருக்கு? முன்பு திருவிதாங்கூர் உயர் நீதிமன்றம் திருவனந்தபுரத்தில் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். 1938 முதல் திருவிதாங்கூர் அரசின் பேருந்தும் ஓடியது. இப்போது மேல்முறையீடு என்றால் எர்ணாகுளம். ஏறக்குறைய 275 கிலோமீட்டர். திருவனந்தபுரமும் கொச்சியும் சமாதானம் செய்துகொண்டதற்கான பயணச் செலவு தென்கோடியில் இருந்தவன் தலையில் விழுந்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் மூன்றாவது தரப்பு ஒன்று இருந்ததே, தெற்குத் தாலுகாக்களின் தமிழர்கள், அவர்களுக்கென்று எந்த அலுவலகமும் ஒதுக்கப்படவில்லை.

1951-ல் அஞ்சல், இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. சக்கரமும் காசும் புழக்கத்திலிருந்து போயின. இவற்றால் நன்மைதான். மண்டைக்காட்டிலிருந்து டெல்லிக்கும் ஒரே தபால் தலை. ஒன்றியம் என்பதன் நல்ல பக்கம் இது.

கடற்கரை மணலும் கூட்டுக் கம்பெனியும்

மண்டைக்காட்டுக்குப் பக்கத்து ஊர் மணவாளக்குறிச்சி. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை ஆரம்பம். அப்போது அதற்குத் தேவை கேஸ் விளக்குகளின் மேண்டிலுக்காக. பிறகு அணுயுகம் வந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது என்பதால் கடற்கரை மணல் தேசப் பாதுகாப்பு விஷயமாகிவிட்டது.

1950 ஆகஸ்ட் 18-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. பங்குதாரர்கள் இருவர்: இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும். அதே 1950, மே 9-ம் தேதி பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிரான்சின் நிலக்கரியும் எஃகும் ஜெர்மனியின் நிலக்கரியும் எஃகும் ஒரே பொது அதிகார அமைப்பின் கீழ் வரட்டும் என்று. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்.

இரண்டு இடத்திலும் காரணம் ஏறக்குறைய ஒன்றே. யுத்தத்துக்குப் பயன்படும் ஒரு பொருளைத் தனி ஒருவர் கையில் விட யாருக்கும் மனமில்லை. ஆனால் நடந்தது வேறு வேறு. ஐரோப்பாவில் உறுப்பு நாடுகள் கடைசிவரை மேசையில் உட்கார்ந்திருந்தன. இங்கே 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சியே இல்லாமல் போனது. 1963-ல் நிறுவனம் முழுவதும் மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குப் போனது. மணவாளக்குறிச்சி மணல் ஆலையும் அதன் கீழ் வந்தது.

மண்டைக்காட்டுக் கடற்கரையில் நிற்பவர் காலுக்குக் கீழே உள்ள மணல் டெல்லியின் பொறுப்பு. கடல் அரித்தால் மனு கொடுக்க வேண்டியது மாநில அரசிடம். இந்த இரட்டை ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது.

மொழி கேட்ட மக்கள்

புதிய ஐக்கிய ராஜ்யத்தில் மலையாளம் பேசுவோர் பெரும்பான்மை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தெற்குத் தாலுகாக்களில் தமிழர் பெரும்பான்மை. அரசு வேலையிலும் பள்ளியிலும் அலுவலக மொழியிலும் தாங்கள் புறக்கணிக்கப்படுகிறோம் என்பது தமிழர்களின் குறை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1891-ல் திருவிதாங்கூரில் "மலையாளி மெமோரியல்" என்ற மனு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளுடன் மகாராஜாவிடம் கொடுக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த தமிழ் பிராமணர்களே பெரிய பதவிகளில் இருக்கிறார்கள், மண்ணின் மக்களுக்கு வேலை இல்லை என்பது அந்த மனுவின் சாரம். அறுபது வருடத்தில் குற்றச்சாட்டு அப்படியே திரும்பிவிட்டது. ஆனால் இப்போது பேசியவர்கள் திவான்களின் வாரிசுகள் இல்லை. பனையேறிகளும் வயல் வேலைக்காரர்களும் கடல் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும்தான்.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்தக் குறைகளை அரசியலாக்கியது. அதன் தலைவர்களில் முக்கியமானவர் மார்ஷல் ஏ. நேசமணி. முதல் பொதுத் தேர்தலில் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். 1954-ல் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் அரசு அமைந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. பலர் உயிரிழந்தனர்.

அப்போது ஓர் அபூர்வமான விஷயம் நடந்தது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது சிறையில் இருந்தார். அங்கிருந்தே, தன் சொந்தக் கட்சியின் அரசாங்கம் ராஜினாமா செய்ய வேண்டும் என்று சொன்னார். சுதந்திர நாட்டில் மக்கள் மீது சுடும் அரசு பதவியில் நீடிக்கக் கூடாது என்பது அவர் வாதம். கட்சி கேட்கவில்லை. கடைசியில் கட்சியே உடைந்தது. தாணு பிள்ளை அரசு 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது.

ஏழாவது திருத்தம்

பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை கொடுத்தது. நான்கு தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்கு என்றது. தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. செங்கோட்டையிலும் ஒரு பகுதி கேரளத்திலேயே நின்றது. 1956 நவம்பர் 1-ம் தேதி நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் காமராஜர். அடுத்த மாதமே சட்டசபையில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. மண்டைக்காட்டுக்காரர் தாசில்தாருக்குத் தமிழில் மனு எழுதி, தமிழில் பதில் எதிர்பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் ஒரு மாநிலத்தை வெட்டுவது வரைபடத்தில் கோடு போடும் வேலை மட்டுமா? கோயில்கள் என்ன ஆவது? திருவிதாங்கூர் அரசு கோயில் சொத்துக்களை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் தரும் கடமை இருந்தது. இப்போது அந்த அரசே இல்லை. கோயில்களில் ஒரு பங்கு சென்னை ராஜ்யத்துக்குள் வந்துவிட்டது.

இதற்கான பதில் இந்திய அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது! 1956-ன் ஏழாவது திருத்தம் 290-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கேரள அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு. இன்றைய தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், 1956 நவம்பர் 1-ல் மாற்றப்பட்ட பகுதிகளில் உள்ள கோயில்களின் பராமரிப்புக்கு. இது நிதி அமைச்சரின் தயவில் வருவது இல்லை. சட்டசபை ஓட்டுப் போட்டு நிறுத்தவும் முடியாது. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் உட்பட குமரி மாவட்டக் கோயில்களின் விளக்கு எண்ணெய்க்கு அரசியல் சாசனமே ஜாமீன்.

அதே ஏழாவது திருத்தம் இன்னும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. 350-ஏ: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும். 350-பி: மொழிச் சிறுபான்மையினருக்கு ஒரு தனி அதிகாரி. 1957-ல் அந்த அலுவலகம் செயல்படத் தொடங்கியது. எல்லைக் கோடு எங்கே போட்டாலும் அந்தப் பக்கம் சிலர், இந்தப் பக்கம் சிலர் மாட்டிக்கொள்வார்கள் என்று அன்றைய தலைவர்களுக்குத் தெரிந்திருந்தது. விளவங்கோட்டில் மலையாளம் பேசியவர்கள் ஒரே இரவில் பெரும்பான்மையிலிருந்து சிறுபான்மை ஆனார்கள். நேற்று தமிழர் கேட்டதை இன்று அவர்கள் கேட்க வேண்டிய முறை.

எழுதி வைத்ததும் எழுதாமல் விட்டதும்

பிரிவினைக்குப் பிறகும் அறுபடாத கயிறுகள் பல. கல்குளம் தாலுகாவிலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனால் நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், குமாரகோவிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். களியக்காவிளையில் ஒரு மாநிலப் போலீஸ் மறு மாநிலப் போலீஸிடம் மரியாதையுடன் ஒப்படைக்கிறது. ரயில் 1979-ல்தான் நாகர்கோவிலுக்கு வந்தது. மண்டைக்காட்டுக்கு அருகிலுள்ள இரணியல் ரயில் நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது.

இவையெல்லாம் எப்படியோ ஓடுகின்றன. ஓடாதது தண்ணீர். நெய்யாறு இடதுகரைக் கால்வாய் திருவிதாங்கூர்-கொச்சி காலத்தில் திட்டமிடப்பட்டது. விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கர் அதை நம்பியிருந்தது. எல்லை மாறிய பிறகும் சில காலம் பழக்கத்தின் பேரில் தண்ணீர் வந்தது. முறையான ஒப்பந்தம் இல்லை. 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. தமிழ்நாடு 2012-ல் உச்ச நீதிமன்றம் போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோயிலுக்கான பணம் சாசனத்தில் எழுதப்பட்டது. எத்தனை ஆட்சிகள் மாறினாலும் அந்தக் கடமை மாறவில்லை. கால்வாய்த் தண்ணீர் நல்லெண்ணத்தில் விடப்பட்டது. நல்லெண்ணம் வறண்டதும் கால்வாயும் வறண்டது.

எழுதி வைப்பதிலும் குறை உண்டு. 13 லட்சத்து 50 ஆயிரம் 1956-ல் பெரிய தொகை. இன்று குமரி மாவட்டத்தில் அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்கள் ஏறக்குறைய 490. அந்தத் தொகையைப் பங்கு போட்டால் ஒரு கோயிலுக்கு ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் கூட வராது. ரூபாயின் மதிப்பு மாறும் என்பதை எழுதியவர்கள் சேர்க்க மறந்துவிட்டார்கள். 2021 ஜூனில் மண்டைக்காடு கோயிலின் கூரையில் தீப்பிடித்தபோது அதைச் சீர்செய்ய இந்தச் சாசனப் பணம் எந்த மூலைக்கு?

நம்பிக்கை உடைந்த மாதம்

மண்டைக்காடு என்றதும் பலருக்கு நினைவு வருவது 1982. மாசிக் கொடை நடந்துகொண்டிருந்த நேரத்தில் இரு மதத்தினரிடையே மோதல். மார்ச் 1-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு. கடலோர மக்கள் உயிரிழந்தனர். கலவரம் மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவி இரு பக்கமும் இழப்பு. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிப் பணி செய்தார்.

1956-ல் மொழிப் பிரச்சினை தீர்ந்தது. போலீஸ் தமிழில் பேசியது. தாசில்தார் தமிழில் பேசினார். ஆனாலும் 1982 நடந்தது. அலுவலகத்தின் மொழி நம் மொழியாக இருப்பது அவசியம்தான். அது மட்டும் போதாது. அலுவலகம் எல்லோருக்கும் பொதுவானது என்று இரண்டு தெருக்காரர்களும் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை எந்தத் திருத்தச் சட்டமும் கொண்டுவர முடியாது. அதனால்தான் அரசு ஆணையத்தோடு ஓர் அடிகளாரும் தேவைப்பட்டார்.

ஐரோப்பாவில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று 27 நாடுகள், 24 அலுவல் மொழிகள். 1958-ல் அது போட்ட முதலாவது ஒழுங்குவிதியே மொழி பற்றியதுதான். அப்போது நான்கு மொழிகள். ஒரு குடிமகன் இந்த 24-ல் எந்த மொழியில் எழுதினாலும் அதே மொழியில் பதில் பெற அவனுக்கு உரிமை உண்டு. ஒன்றியத்தின் அலுவலகங்கள் சரியாக நடக்கவில்லை என்றால் புகார் கேட்க 1995 முதல் தனி குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

ஆனால் அங்கேயும் பெரும்பாலான வேலையைச் செய்வது பிரஸ்ஸல்ஸ் இல்லை. விதி அங்கே எழுதப்படும். விவசாய மானியத்தைக் கையில் கொடுப்பதும் மீனைப் பரிசோதிப்பதும் அந்தந்த நாட்டு அலுவலகங்கள். பிரிட்டன் விலகியபோது லண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் ஆம்ஸ்டர்டாமுக்கு இடம் மாறியது. எல்லை மாறினால் அலுவலகம் மாறும் என்ற விதி பணக்கார நாடுகளுக்கும் பொது.

நம் சாசனத்தின் 350-வது பிரிவும் குறை தீர்க்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. நல்ல வாசகம். ஆனால் அதே மொழியில் பதில் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஐரோப்பாவுக்கும் நமக்கும் உள்ள தூரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மனு கொடுப்பது பாதி உரிமை. பதிலைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் மீதிப் பாதி.

ஒன்றியத்தின் அளவுகோல்

1956-க்குப் பிறகு மண்டைக்காட்டுக்காரரின் மேல்முறையீடு சென்னைக்குப் போனது. ஏறக்குறைய 700 கிலோமீட்டர்! மொழி கிடைத்தது, தூரம் கூடியது. 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தூரம் குறைந்தது. நடுவில் 48 வருடங்கள். ஒரு தலைமுறையே வழக்குக்காக ராத்திரிப் பயணம் செய்து தீர்ந்திருக்கும்.

ஒன்றியங்கள் பெரிய காரணங்களுக்காக உருவாகின்றன. சமாதானம், வியாபாரம், தேசப் பாதுகாப்பு. குடிமகன் அவற்றை அளப்பது சின்னக் கோல்களால். எவ்வளவு தூரம்? எந்த மொழி? நாற்காலியில் என் தெருக்காரன் உட்கார முடியுமா? இன்று தருவதை நாளையும் தருவார்களா? திருவிதாங்கூர்-கொச்சி இந்தக் கேள்விகளில் தோற்றது. ஏழு வருடத்தில் காணாமல் போனது. அதன் பிறகு வந்த ஏற்பாடுகளில் எழுத்தில் இருந்தவை நின்றன. வாய்வார்த்தையில் இருந்தவை உடைந்தன.

ஒவ்வொரு மாசியிலும் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி மண்டைக்காட்டுக்கு வருகிறார்கள். மண்டையப்பம் வைத்துக் கும்பிடுகிறார்கள். களியக்காவிளையில் மாநில எல்லை ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் வரும் பேருந்தும் நடக்கும் சாலையும் குடிக்கும் தண்ணீரும் காவலுக்கு நிற்கும் போலீஸும் சரியாக இருந்தால், அது எந்த அரசின் ஏற்பாடு என்று அவர்கள் கேட்பதில்லை. சரியாக இல்லாத நாளில்தான் அந்தக் கேள்வி வரும். அன்றைக்குப் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்க வேண்டும், அது அவர்கள் மொழியில் பதில் சொல்ல வேண்டும்.